பூட்டவும் விடுவிக்கவும் தெரிந்தவர்: கோப்பன்ஹேகன் தந்த வில்லியம் குனுட்சன்

டென்மார்க்கில் வாழும் எம்மவர்களில் பலர் பஸ், லொறி, வான் ஓட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள். கோயில் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றவும், தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் கொண்டுபோகவும் ஒரு பழைய டீசல் வாகனம் ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் எப்போதும் நின்றிருக்கிறது. அது கிளச் பெடல் இல்லாத ஓட்டோமற்றிக் வாகனம் என்றால், ஓட்டியவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். வேகம் ஏறி, கடைசிக் கியரும் விழுந்து சற்று நேரத்தில், இன்னொரு கியர் மாறியது போல ஒரு மெல்லிய இழுப்பு வரும். எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும். உண்மையில் அங்கே கியர் எதுவும் மாறுவதில்லை. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே ஒயிலால் மட்டும் இருந்த தொடர்பு, அந்தக் கணத்தில் இரும்போடு இரும்பாகப் பூட்டிக்கொள்கிறது. அதற்கு லொக்-அப் என்று பெயர்.

கிளச் பெடல் இல்லாத வாகனத்தைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி. அப்போது அதன் தலைவராக இருந்தவர் கோப்பன்ஹேகனில் பிறந்து, 20 வயதில் கடல் கடந்து போன ஒரு சைக்கிள் தொழிலாளி. அவர் வில்லியம் குனுட்சன். நாம் வாழும் நாட்டின் பிள்ளை. ஆனால் எமது பிள்ளைகள் அவரைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் அவர் கதையை இங்கே எழுதுகிறோம்.

சைக்கிள் பட்டறையிலிருந்து

1879 மார்ச் 25ஆம் திகதி கோப்பன்ஹேகனில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் சிக்னியுஸ் வில்ஹெல்ம் பௌல் குனுட்சன். தகப்பனார் சுங்கப் பரிசோதகர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. சிறுவயதிலேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. படிப்பு நின்றுவிடவில்லை என்றாலும், அவருக்குச் சோறு போட்டது கைத்தொழில்தான். சைக்கிள் இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாட்களில் சைக்கிள் என்பது இன்றைய மின்சாரக் கார் போல எல்லாருடைய கண்ணையும் இழுத்த புதுமை. சங்கிலி, பற்சக்கரம், பெயாரிங் என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டிப் பழகியதுதான் அவருடைய பல்கலைக்கழகம்.

1900 பெப்ரவரியில் நியூயோர்க்கில் இறங்கினார். அகதியாகப் போகவில்லை. எமது பெற்றோரைப் போல உயிருக்குப் பயந்து ஓடவும் இல்லை. பிழைப்புத் தேடிப் போனவர். அந்த வேறுபாட்டை மறைத்து எழுதுவது சரியில்லை. ஆனால் தெரியாத மொழி, உறவு இல்லாத ஊர், வாயில் நுழையாத பெயர் என்ற மூன்றும் அவருக்கும் இருந்தன. அங்கே வில்ஹெல்ம் வில்லியம் ஆனார். பட்டறைத் தோழர்களுக்கு வெறும் பில் ஆனார். ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெபுரோவிலும் தொழிற்சாலைகளில் எமது அப்பாக்களின் நீண்ட பெயர்கள் இரண்டு எழுத்தாகச் சுருங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளுக்குத் துளை போடும் வேலை. பிறகு சலமன்கா என்ற சிறு ஊரில் ஈரி ரயில்வேயின் பட்டறையில் நீராவி எஞ்சின் கொதிகலன் திருத்தும் வேலை. அதன்பின் பஃபலோ நகரில் கீம் மில்ஸ் என்ற தொழிற்சாலை. அது சைக்கிள் பாகங்கள் செய்து வந்த இடம். சைக்கிள் வியாபாரம் சரிந்தபோது, உருக்குத் தகட்டை அழுத்தி வார்த்து மோட்டார் வாகனப் பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள். அவர்களின் பெரிய வாடிக்கையாளர் ஃபோர்ட். 1911இல் ஃபோர்ட் கொம்பனி அந்தத் தொழிற்சாலையையே வாங்கியது. அதோடு குனுட்சனும் ஃபோர்ட்டுக்குப் போனார். அதே ஆண்டுதான் அவர் திருமணம் செய்துகொண்டதும்.

ஃபோர்ட்டில் பத்து ஆண்டுகள்

ஃபோர்ட் தன் மாடல் டி காரை ஒரே இடத்தில் முழுதாகச் செய்து நாடெங்கும் அனுப்புவதை விட, பாகங்களை அனுப்பி அந்தந்த ஊரில் பொருத்துவது மலிவு என்று கண்டுகொண்டார். அந்தப் பொருத்தும் ஆலைகளைப் பல நகரங்களில் நிறுவி, வரிசைப்படுத்தி, ஓடவைக்கும் பொறுப்பு குனுட்சனிடம் வந்தது. முதல் உலகப் போரில் கடற்படைக்கான ஈகிள் படகுகளைத் தொழிற்சாலை வரிசையில் கட்டும் வேலையையும் அவர்தான் பார்த்தார்.

போர் முடிந்ததும் ஃபோர்ட் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1919இல் கோப்பன்ஹேகனில் ஃபோர்ட் கொம்பனி தொடங்கப்பட்டது. சைக்கிள் பட்டறையிலிருந்து போன பொடியன், ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து அதே நகரத்துக்குத் தொழிற்சாலை கொண்டுவந்தான். ஊருக்கு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று நினைத்து நினைத்தே வயது போக்கிய எம்மவர்களுக்கு இந்தக் காட்சியின் கனம் புரியும்.

ஆனால் ஹென்றி ஃபோர்ட்டுடன் கருத்து வேறுபாடுகள் கூடிக்கொண்டு போயின. குனுட்சன் போட்ட உத்தரவுகளை ஃபோர்ட் மாற்றுவதும், எதையும் மாற்ற ஃபோர்ட் மறுப்பதுமாக நாட்கள் நகர்ந்தன. சண்டை பிடித்துக்கொண்டு இருப்பதில் பயனில்லை என்று கண்டு, 1921இல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வெளியேறினார். அப்போது வயது 42.

செவ்ரோலேயும் வேலைநிறுத்தமும்

1922இல் ஜெனரல் மோட்டோர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1924இல் அதன் செவ்ரோலே பிரிவுக்குத் தலைவரானார். அதே 1924இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஐரோப்பாவில் தன் முதல் பொருத்தும் ஆலையைத் தொடங்கி செவ்ரோலே வாகனங்களை வெளியிட்ட நகரம் கோப்பன்ஹேகன். அந்த ஆலை 1974 வரை ஓடியது.

செவ்ரோலேயில் குனுட்சன் செய்தது ஒரு எளிய மாற்றம். ஃபோர்ட்டின் இயந்திரங்கள் ஒரே ஒரு பாகத்தை மட்டும் செய்யத் தெரிந்தவை. கார் மாறினால் இயந்திரத்தையும் எறிய வேண்டும். குனுட்சன், அச்சையும் கருவியையும் மாற்றினால் வேறு பாகமும் செய்யக்கூடிய பொது இயந்திரங்களை வைத்தார். 1927இல் புதிய மாடலுக்கு மாறுவதற்காக ஃபோர்ட் தன் ஆலைகளைப் பல மாதங்கள் மூட வேண்டிவந்தது. அந்த ஆண்டு செவ்ரோலே விற்பனையில் முந்தியது. அடுத்து ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மாறியபோது குனுட்சனின் ஆலைகளுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன.

அவர் வாழ்வில் எல்லாம் வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டோம். 1936 டிசம்பர் கடைசியில் ஃப்ளின்ட் நகரத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை வேகமும் மேற்பார்வையாளர்களின் கெடுபிடியும் அவர்களின் குறை. அந்த வேகத்தை உண்டாக்கிய முறையில் குனுட்சனுக்கும் பங்கு இருந்தது. கொம்பனியின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போய், 1937 பெப்ரவரி 11இல் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். சில மாதங்களில் ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவரானார்.

ஒயில் செய்யும் வேலை

அவர் தலைவராக இருந்த 1937 முதல் 1940 வரையான காலத்தில்தான் இரண்டு காரியங்கள் நடந்தன. 1938இல் டிட்ரொயிட் டீசல் பிரிவின் 71 வரிசை எஞ்சின் வெளிவந்தது. பின்னாளில் லொறி, பஸ், படகு என்று உலகமெங்கும் ஓடிய எஞ்சின் அது. 1939இல், 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஹைட்ரா-மற்றிக் என்ற முழு ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டி அறிவிக்கப்பட்டது. மேலதிக விலை 57 டொலர். வடிவமைத்தவர் ஏர்ல் தொம்சன் தலைமையிலான பொறியியலாளர் குழு. குனுட்சன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் நடத்திய கொம்பனி அதை விலைக்கு விற்கும் பொருளாக்கியது.

அந்த ஒயில் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். மேசையில் இரண்டு விசிறிகளை நேருக்கு நேர் வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக ஒயில், திறந்த மேசைக்குப் பதிலாக மூடிய இரும்புக் கூடு என்றால் அது திரவ இணைப்பு. வாகனம் நின்றாலும் எஞ்சின் நிற்காது, ஏனென்றால் இடையில் இறுக்கமான பிணைப்பு இல்லை. இரண்டு விசிறிக்கும் நடுவே ஒயிலைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரம் ஒன்றை வைத்தால் அது டோர்க் கொன்வேட்டர். புறப்படும்போது எஞ்சினின் திருகுவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். இந்தக் கருத்துக்கு 1905இல் காப்புரிமை எடுத்தவர் ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர். அவர் அதைக் கப்பலுக்காகச் செய்தார்.

குறையும் அதே ஒயிலில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுகூட இரண்டாவது சக்கரம் முதலாவதை விடச் சற்றுப் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் அத்தனையும் சூடாகிறது. டீசல் வீணாகிறது, ஒயில் கருகுகிறது. ஹைட்ரா-மற்றிக்கில் மேல் கியர்களில் சக்தியின் ஒரு பகுதியை மட்டும் ஒயில் வழியாகவும் மீதியை நேரே இரும்பு வழியாகவும் அனுப்பி இந்த இழப்பைக் குறைத்தார்கள். முழுதாகப் பூட்டும் கிளச், 1949இல் பக்கார்ட் கொம்பனியின் அல்ட்ராமற்றிக் கியர்ப்பெட்டியோடு அமெரிக்கக் கார்களுக்கு வந்தது. குனுட்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பெற்றோல் மலிவாக இருந்த காலத்தில் கார்கள் அதைக் கைவிட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டன.

எப்போது பூட்டுவது?

பூட்டும் கிளச்சைச் செய்வது ஒரு வேலை. அதை எப்போது பூட்டுவது, எப்போது விடுவிப்பது என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. பழைய டீசல் வாகனம் வைத்திருப்பவர்களின் தலையிடி இரண்டாவதில்தான்.

மிகப் பழைய கியர்ப்பெட்டிகளில் இதை ஒயில் அழுத்தமே தீர்மானித்தது. வேகம் கூட அழுத்தம் கூடும், ஒரு வால்வு நகரும், கிளச் பூட்டும். பிறகு மின்சார வால்வு வந்தது. அதற்குப் போகும் மின்சாரம் பிறேக் பெடலின் சுவிட்ச் வழியாகப் போகும். காலைப் பிறேக்கில் வைத்தவுடன் மின்சாரம் அறுந்து பூட்டு விடுபடும். விடுபடாவிட்டால், கிளச்சை மிதிக்காமல் கியரில் நிறுத்தியது போல எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் பிறேக்கும் கனமாகிவிடும்.

டீசலுக்கு இன்னொரு சிக்கல். பெற்றோல் எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகும். ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதைக் கியர்ப்பெட்டி அதைக் கொண்டு அறியும். டீசலில் அந்த வெற்றிடம் இல்லை. அதனால் சில பழைய டீசல் வாகனங்களில் தனி வெற்றிடப் பம்ப் வைத்து, எரிபொருள் பம்பில் ஒரு சிறு வால்வைப் பொருத்தி, மிதித்த அளவைக் கியர்ப்பெட்டிக்குச் சொன்னார்கள். அந்த வால்வோ, வெடித்த ரப்பர்க் குழாயோ, தேய்ந்த பிறேக் சுவிட்சோ போதும், பூட்டு நேரம் தவறிப் போவதற்கு. ஸ்டோர்பெல்ட் பாலத்தின் ஏற்றத்தில், பக்கக் காற்றில், பூட்டுவதும் விடுபடுவதுமாக வாகனம் திரும்பத் திரும்ப உதறினால், கியர்ப்பெட்டி போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் இந்த மலிவான பாகங்களைப் பார்ப்பது நல்லது.

சிலர் கையால் இயக்கும் ஒரு சுவிட்சைப் பொருத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்வதானாலும் பிறேக் சுவிட்சை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. ஒயில் சூடேறும் முன் பூட்டக் கூடாது. பாரம் ஏற்றிய வண்டியைக் குறைந்த வேகத்தில் பூட்டி மிதித்தால் அந்தச் சிறிய கிளச் எரிந்துபோகும். மேல் கியரில், சமமான வேகத்தில், முன்னால் பாதை திறந்திருக்கும்போது பூட்ட வேண்டும். நிறுத்துவதற்கு முன்பே விடுவிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பூட்டி வைத்தால் எஞ்சினும் சேர்ந்து வேகத்தைப் பிடிக்கும்.

யூட்லாந்துக்கு ஓடும் ஐசி3 ரயில்களிலும் டீசல் எஞ்சினோடு லொறி, பஸ் இனத்து ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டிதான் வைத்தார்கள். அவற்றிலும் ஒயில் முதலில் இழுக்கும், பிறகு இரும்பு பிடிக்கும்.

1940 ஏப்ரலுக்குப் பின்

1940 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜேர்மன் படைகள் டென்மார்க்கைப் பிடித்தன. குனுட்சன் பிறந்த நகரத்தின் தெருக்களில் அந்நியச் சிப்பாய்கள் நின்றார்கள். அவரோ கடலுக்கு அப்பால், உலகின் மிகப் பெரிய வாகனக் கொம்பனியின் தலைவர். ஊர் எரியும் செய்தியைத் தூர இருந்து தொலைபேசியிலும் வானொலியிலும் கேட்டவர்கள் நாம். அந்த நாட்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மே இறுதியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அழைத்தார். போர்த்தளபாட உற்பத்தியை ஒழுங்குபடுத்த வேண்டும், சம்பளம் ஆண்டுக்கு ஒரு டொலர். குனுட்சன் தலைவர் பதவியை விட்டு வொஷிங்டனுக்குப் போனார். கார் ஆலைகளை டாங்கியும் விமானமும் செய்ய மாற்றும் வேலை அது. 1942 ஜனவரியில் நிர்வாகம் மாற்றப்பட்டு, டொனால்ட் நெல்சன் என்பவர் உற்பத்தியின் மேல் தலைவராக்கப்பட்டார். பதவி பறிபோனதற்காக வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. இராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக நியமிக்கப்பட்டு, ஆலை ஆலையாகச் சுற்றி, எங்கே வேலை தடைப்படுகிறதோ அங்கே போய் நின்றார். நேரடியாக அந்தப் பதவியில் இராணுவத்துக்குள் சேர்க்கப்பட்ட ஒரே அமெரிக்கக் குடிமகன் அவர்.

அந்தப் போரில் எம்5 என்ற இலகு டாங்கி இரண்டு கடிலாக் எஞ்சின்களோடும் இரண்டு ஹைட்ரா-மற்றிக் கியர்ப்பெட்டிகளோடும் ஓடியது. கார் ஓட்டத் தெரிந்த பொடியன் அதிகப் பயிற்சி இல்லாமல் டாங்கியை நகர்த்த முடிந்ததற்கு அந்த ஒயில் சக்கரங்களும் ஒரு காரணம்.

1945 மே 4 மாலை டென்மார்க்கின் விடுதலைச் செய்தி வந்தது. இன்றும் அந்த மாலையில் டெனிஷ் அயலவர்கள் ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், எமது வீடுகள் சிலவற்றிலும் ஏற்றுகிறோம். அந்த ஆண்டே குனுட்சன் இராணுவத்தை விட்டு விலகினார். 1948 ஏப்ரல் 27இல் டிட்ரொயிட்டில் காலமானார். வயது 69. அவருடைய மகன் சீமன் குனுட்சன், பின்னாளில் தகப்பன் விட்டு வந்த ஃபோர்ட் கொம்பனிக்கே சில காலம் தலைவராக இருந்தார்.

எமக்கு என்ன?

1980களில் எமது தகப்பன்மார் இங்கே வந்தபோது, குடும்பங்களை அழைப்பதற்கான விண்ணப்பங்கள் நீதி அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டன. அந்தத் தமிழர் விவகாரத்தால் 1993இல் ஒரு அரசாங்கமே பதவி விலகியது. மனைவி பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அந்த மனிதர்கள் கையில் கிடைத்த வேலையைச் செய்தார்கள். தாங்கள் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்று, மருத்துவம் அல்லது பொறியியல் பட்டம் என்று மட்டும் கனவு கண்டார்கள். அந்தக் கனவில் தவறில்லை. ஆனால் மெக்கானிக் ஆகப் போகிறேன் என்று சொல்லும் 16 வயதுப் பிள்ளையை, உறவினர் என்ன சொல்வார்களோ என்று பயந்து தடுக்கும் வீடுகள் எம்மிடையே இன்னும் உண்டு. தொழிற்கல்விப் பாடசாலையில் சேர்ந்ததைக் கலியாண வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத தாய்மாரையும் அறிவோம்.

குனுட்சன் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்லர். சைக்கிளைக் கழற்றிப் பூட்டியவர், கொதிகலன் திருத்தியவர். ஒரு பாகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கையால் அறிந்ததே அவருடைய மூலதனம். பழைய டீசல் வண்டியின் லொக்-அப் கோளாறை, முழுக் கியர்ப்பெட்டியையும் மாற்றச் சொல்லாமல், ஒரு சிறு சுவிட்சில் கண்டுபிடிக்கும் பிள்ளையிடம் இருப்பதும் அதே மூலதனம்தான்.

பெற்றோருக்கும் அந்த ஒயிலிலும் கிளச்சிலும் ஒரு பாடம் இருக்கிறது. புறப்படும் வயதில் பிள்ளைக்கு ஒயில் போன்ற இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுபோகும். தன் பாதையில் வேகம் பிடித்த பிறகு நாம் உறுதியாகப் பக்கத்தில் நின்றால் போதும். உங்கள் பிள்ளை அடுத்த வசந்தத்தில் ஒரு கராஜில் பயிற்சிக்கு இடம் கேட்டு விண்ணப்பம் எழுதினால், அதைத் திருத்திக் கொடுங்கள். முதல் நாள் வேலை உடுப்போடு போகும்போது வாசல்வரை போய் வழியனுப்புங்கள்.